தன் அலமாரியைத் தானே அடித்தவர்

நான் பல ஊர்களில் பல வேலைகள் செய்தவன். அச்சுவேலியில், துணிக்கடைகளுக்கு அலமாரி செய்யும் பட்டறையொன்றிலும் கொஞ்சக் காலம் நின்றேன். அங்கே மூத்த தச்சரை எல்லோரும் அண்ணை என்போம். கறுத்த, கட்டையான மனிதர். கழுத்தே இல்லாதது போல் இருப்பார். சட்டை கொழுவும் கம்பியைச் சுவரில் பூட்டியதும், முழங்காலை மடக்கி அதில் தொங்கிப் பார்ப்பார். கம்பி அசையாவிட்டால்தான் அவருக்கு வேலை முடிந்தது.

மருதனார்மடத்தில் ஒரு புதுக்கடைக்கு அலமாரி பூட்டி முடித்த பகல், கடை முதலாளி வந்து அதைக் காலால் உதைத்தார்.

"உது சனம் கூடினால் விழும். கள்ளப் பலகை. கழட்டிக்கொண்டு போ. உங்கடை பட்டறைக்கு இனி ஒருத்தரும் வேலை தராமல் நான் பாக்கிறன்."

"விழுமோ? பாப்பம், முதலாளி."

அண்ணை பெரிய சுத்தியலை எடுத்து, தான் செய்ததைத் தானே அடித்தார். கண்ணாடி வெடித்துச் சிதறியது. பலகைகள் பிளந்தன. நான் இடுப்பைப் பிடித்து இழுக்க, முழங்கையால் என் வாயில் இடித்தார். ஒரு பல் போனது. சுவரில் இறுக்கிய சட்டம் மட்டும் கழலவேயில்லை.

"காணும், விடப்பா! நல்ல சாமான்தான்!" என்று முதலாளி கத்திய பிறகே சுத்தியலைப் போட்டார்.

திரும்பி வரும்போது, கையில் ஏறிய கண்ணாடித் துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, சட்டமும் விழுந்திருந்தால்?"

"அடுத்த அடி என்ரை தலைக்குத்தான்ரா."

பகிடியோ, சிரிக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. வாயில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தும் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஏனென்று இன்றும் தெரியாது.