திருவிருந்துக்கு எழாத இரண்டு பேர்

ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவளை எல்லோரும் பக்திக்காரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் மூன்று வருஷம் போனது வீம்புக்கு. ஒருத்தி போகிறாள், நான் போகாமல் நின்றால் தோற்றுப்போனதாக ஆகிவிடும், அவ்வளவுதான்.

அந்த ஒருத்தி, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயனில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த அக்கா. புருஷன் இறந்து, ஒரே மகளை ஈப்போவில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எங்கள் தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர் சாமி கும்பிடுகிறவர்கள். வேதக்காரர்கள் என்று எண்ணினால் ஐந்தாறு குடும்பம். லயன் கடைசியில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். வாராவாரம் உபதேசியார் தானா ராத்தா டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். மாதத்தின் முதல் ஞாயிறு போதகரே வந்து அப்பமும் திராட்சைரசமுமாகத் திருவிருந்து கொடுப்பார்.

சண்டை வந்தது கொழுந்து மலையில். காலையில் கங்காணி ஆளுக்கொரு நிரை, ஒரு வரிசைத் தேயிலைச் செடி, பிரித்துக் கொடுப்பான். எடுத்த கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வரக் கீழே இறங்கினால், விட்ட இடம் தெரிவதற்காகச் செடியில் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போவோம். என் துணி சிவப்பு. அன்றைக்குப் பனி என்றால் அப்படியொரு பனி, நீட்டிய கை தெரியவில்லை. நிறுத்துவிட்டு ஏறி வந்தால் என் நிரையில் அக்கா நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வாய் நீளம். மலையே கேட்கிற மாதிரி கத்தினேன். திருடி என்றேன். வேதக்கோயிலில் முன்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடினால் மட்டும் போதுமா என்று கேட்டேன். அக்கா இது தன் நிரை என்று ஒரு தடவை சொன்னாள், இரண்டு தடவை சொன்னாள். யார் சத்தம் பெரிதோ அவர்கள் பக்கம் நியாயம் என்று கங்காணி முடிவு பண்ணி, அவளைக் கீழ் மலைக்கு, அட்டை கடிக்கிற ஓடைப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டான். அவள் கூடையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

பத்து மணி வாக்கில் பனி விலகியது. பக்கத்து நிரையில், பாதி மலையில், என் சிவப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

நிரை மாறி ஏறியது நான். கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுற்றிலும் பார்த்தேன், அருகில் யாருமில்லை. துணியை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டு என் பாட்டுக்கு வேலையைப் பார்த்தேன். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. தண்ணீர்க் குழாயடியில் அவள் இருந்தால் நான் குடத்தோடு திரும்பிவிடுவேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட அந்தக் கோயிலில் ஒரே பாயில், இந்த நுனியில் நான், அந்த நுனியில் அவள். முதல் ஞாயிறு வந்தால் எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கும். மனத்தாங்கல் உள்ளவர்கள் ஒப்புரவாகிவிட்டு வாருங்கள் என்று போதகர் சொல்வார். எல்லோரும் எழுந்து முன்னால் போய் முழங்கால் போடுவார்கள். நான் உட்கார்ந்தே இருப்பேன். பொய்யை மடியில் வைத்துக்கொண்டு அந்த அப்பத்தை வாங்க எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த நுனியில் அக்காவும் உட்கார்ந்தே இருப்பாள். பாவம் பண்ணாத இவளுக்கு என்ன கேடு, என்மேல் அத்தனை ஆத்திரமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

உங்கள் கோயிலில் இருப்பதே பத்துப் பேர், அதிலும் ரெண்டு பேர் எதிரி என்று லயனில் கேலி பண்ணுவார்கள். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தவர், அவருக்கு இந்த இழவெல்லாம் ஆகாது. "அவ்ளோ கஷ்டமா இருந்தா போகாம இருந்திடேன் லா" என்பார். போகாமல் இருக்க முடியவில்லை. வீம்பு என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாராவாரம் அங்கே உட்கார்ந்ததில் ஒன்று நடந்தது. அவளைப் பார்க்காமலே அவளைப் பற்றி எல்லாம் எனக்குத் தெரிந்துபோனது. எந்தப் பாட்டில் தொண்டை அடைக்கும், எந்த முழங்கால் மடங்காது, மழைக்கு எந்தச் சேலை கட்டுவாள், எல்லாம். மேசைமேல் இருக்கும் ஜாடிக்கு ஞாயிறு விடிந்ததும் ஓடையோரத்து வெள்ளைப் பூவைப் பறித்து வந்து வைப்பவள் அவள்தான். மழையானாலும் அது தப்பாது.

ஒரு ஞாயிறு பாயின் அந்த நுனி காலியாக இருந்தது. மகளைப் பார்க்க ஈப்போ போயிருப்பார்கள் என்று உபதேசியார் சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஈப்போ போனாலும் ஆராதனை முடிந்து மத்தியானப் பஸ்ஸில்தான் போவாள் என்று எனக்குத் தெரியும். ஜாடியைப் பார்த்தேன். போன வாரத்துப் பூ காய்ந்து தலை தொங்கிக் கிடந்தது. அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. பிரசங்கத்தின் நடுவே எழுந்து வெளியே வந்து ஓடைப் பக்கம் ஓடினேன்.

சரிவுக்குக் கீழே, ஈரப் பாறைக்குப் பக்கத்தில் கிடந்தாள். கால் முறுக்கிக்கொண்டு இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கையில் பூ அப்படியே இருந்தது. விடியற்காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டதாம். அக்கா என்று மூன்று வருஷத்துக்குப் பிறகு கூப்பிட்டேன். நான் போட்ட கூச்சலுக்கு லயன் ஆண்கள் ஓடி வந்து சாக்கில் கிடத்தித் தூக்கினார்கள். காய்கறி லோரியில் ஏற்றி தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் குளிரில் கிடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று அங்கே சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்துப் போதகர் சின்னப் பெட்டியோடு வார்டுக்கு வந்தார். திருவிருந்து வாங்கிக்கொள்கிறீர்களா என்று அக்காவைக் கேட்டார். நான் வெளியே போகலாம் என்று எழுந்தேன். எழுந்தவள் வாசல்வரை போய்த் திரும்பினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போதகர் முன்னாலேயே சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு நிரை மாறி ஏறினது நான்தான். பனி விலகினப்பவே எனக்குத் தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"சிவப்புத் துணிய அவுத்து நீ மடியில செருகினியே, கீழ் மலையிலேருந்து பார்த்தேன்."

எல்லாம் தெரிந்தும் கங்காணியிடம் ஏன் சொல்லவில்லை, அது போகட்டும், தப்பே பண்ணாதவள் மாதாமாதம் திருவிருந்துக்கு எழாமல் ஏன் உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டேன். அவள் கட்டுப்போட்ட காலை நகர்த்தப் பார்த்து, முடியாமல் விட்டாள்.

"நான் எந்திரிச்சுப் போயிட்டா நீ ஒத்தையா உட்கார்ந்திருப்பியே. எல்லாரும் உன்னைத்தானே பார்ப்பாங்க."

போதகர் பெட்டியைத் திறந்தார். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, தன் கைக்கு முன்னால் அதை அப்பத்துக்கு நீட்டினாள்.