தறி வேகத்தில் ஒரு மார்ச்

பிள்ளைகளா, நீங்கள் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தாளம் போடும்போது நான் ஏன் அதட்டுவதில்லை என்று உங்கள் அம்மா குறைப்படுகிறாள். அதற்கு ஒரு காரணம் உண்டு.

ராஜபாளையத்தில் நான் எட்டாவது படித்தபோது பள்ளிக்கூட பேண்டில் சைடு டிரம் அடிக்க என்னைச் சேர்த்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியரசு தின அணிவகுப்பு; சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் வரும். டிரம்மை வீட்டுக்குத் தர மாட்டார்கள். அதனால் நூல் சுற்றுகிற தார்க்குச்சிகளில் இரண்டை எடுத்து, ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அடித்துப் பழகினேன். வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கொட்டகை. அப்பா அங்கேதான் பேண்டேஜ் துணி நெய்தார். விடிந்தால் தறிச்சத்தம்தான். அதோடு சேர்ந்து அடித்தால் கை தானாக ஓடும், ஓர் அடி பிசகாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மைதானத்தில் ஒத்திகை பார்த்த அன்று டிரில் சார் விசிலை ஊதி எல்லாரையும் நிறுத்திவிட்டார்.

"ஏலே, இது மார்ச்சா, ரயிலைப் பிடிக்க ஓடுற ஓட்டமா? முன்னால போறவன் டவுசர் அவுந்திரும் போலிருக்கே! வெள்ளிக்கிழமைக்குள்ள வேகத்தக் குறைக்கல, குச்சிய வேற ஆளு கையில குடுத்துருவேன்."

வீட்டில் எவ்வளவு மெதுவாகத் தொடங்கினாலும் செத்த நேரத்தில் கை தறியோடு ஓடிவிடும். அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொட்டகைக்குள் போய் அப்பாவின் காதோரம் கத்திச் சொன்னாள். அவர் தன் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். பக்கத்துத் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சந்தில் என் முன்னால் இடது, வலது என்று நடந்தார்.

"சத்தத்த விடுலே. என் காலப் பாத்து அடி."

"மாப்பிள்ளை ஊர்வலம் போகுது, பந்தலத்தான் காணோம்" என்று அம்மா வாசலில் நின்று சிரித்தாள். அப்பா சட்டை செய்யவில்லை. தினமும் சாயங்காலம் நடந்தார். வெள்ளிக்கிழமை ஒத்திகையிலும் குச்சி என் கையில்தான் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் முன்னால் போனவனின் குதிகாலை விட்டு நான் கண்ணை எடுக்கவே இல்லை. யார் காலும் பின்னவில்லை. திரும்பும்போதுதான் பார்த்தேன்: கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த வெயிலில் அப்பா வெறுங்காலோடு நின்றிருந்தார்.

பஸ்ஸில், "என் டிரம் எப்படிப்பா கேட்டுச்சு?" என்றேன். அப்பா என் வாயையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "காலுக்கு வந்து சேந்துச்சுலே. நல்லாவே வந்துச்சு."

இது என்ன பாராட்டு என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

தறி அப்பாவின் காதை அதற்கு முன்பே முக்கால்வாசி தின்றுவிட்டது என்பதைச் சில வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கொட்டகைக்குப் போனேன். கழிவு நூலைச் சுருட்டி இரண்டு காதிலும் அடைத்தேன். அப்பாவின் தறியை ஓடவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

உள்ளங்காலில் தாளம் ஏறியது. ஓர் அடி பிசகவில்லை.