செடியில் விட்டுவந்த கிளிப்

என் கேமரா பையில் துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் இரண்டு எப்போதும் இருக்கும். வெயிலுக்காகக் கேமராமேல் போர்த்தும் துண்டு காற்றில் பறக்காமல் இருப்பதற்கு. சென்ற பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதில் ஒன்றை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினேன்.

காலையில் கடலூரில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பூங்கா, அது முடிந்ததும் பஸ் பிடித்து சிதம்பரம், அங்கே ஒரு குளக்கரைப் பூங்காவில் எங்கள் பறவைக் குழுவினர் நான்கு பேரோடு மதியம் வரை. இதுதான் அன்றைய திட்டம். ஆறரை மணிக்கெல்லாம் பூங்காவுக்குள் இருந்தேன். வேப்பமரங்கள் பூத்துக் கிடந்தன. தேன்சிட்டு, குக்குறுவான், ஒரு அணில் சண்டை, எல்லாம் சுமாராகக் கிடைத்தன. அப்போதுதான் சுற்றுச்சுவர் ஓரத்து இட்லிப்பூச் செடிக்குள் கொண்டைக்குருவி ஒன்று புழுவோடு நுழைந்ததைப் பார்த்தேன்.

மார்பளவு உயரத்தில் கூடு. உள்ளே மூன்று குஞ்சுகள், இறகு சரியாக முளைக்காத சிவந்த உடம்போடு. கூட்டுக்கு நேர் முன்னால் ஒரு கிளை, கைநிறைய இலைகளோடு மறைத்துக்கொண்டிருந்தது. அதை இழுத்துப் பக்கத்துக் கிளையோடு சேர்த்து நீல நிறக் கிளிப்பைப் போட்டேன். ஐந்தே நிமிடம், எடுத்துவிடலாம், யாருக்கும் காட்டப்போவதில்லை, எனக்காக மட்டும் என்று சொல்லிக்கொண்டேன். பத்தடி தள்ளி நின்றேன். தாய் வந்தது, மூன்று வாயும் திறந்தன, படம் அருமையாக விழுந்தது. மணியைப் பார்த்தால் எட்டேகால். பஸ்ஸை நினைத்து ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தேன்.

செய்தது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கூட்டுப் படம் கூடாது என்று எங்கள் வாட்ஸாப் குழுவில் சட்டம் போட்டவளே நான்தான். முந்தைய ஆண்டு குழுவிலிருந்த ஒருவர் தையல்சிட்டின் கூட்டைப் படம் எடுத்துப் போட்டார். முப்பது வயதிருக்கும், தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. “ஒரு படத்துக்காகக் குஞ்சுகளைக் காவு கொடுக்கிறவர்கள் கேமராவை விற்றுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்” என்று எல்லோர் முன்னாலும் எழுதினேன். பலர் கட்டைவிரல் காட்டிப் பாராட்டினார்கள். அவர் படத்தை நீக்கிவிட்டார். அதற்குப்பின் குழுவில் அவர் ஒரு படமும் போட்டதில்லை. எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சிதம்பரத்தில் மற்றவர்கள் குளத்தில் முக்குளிப்பானை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி கேமராவின் திரையில் காலைப் படத்தைப் பெரிதாக்கினேன். வலது ஓரத்தில் இலைகளுக்கு நடுவே நீலமாக ஒரு பொட்டு. கிளிப். படத்தில் அது இருக்கத்தானே செய்யும் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தோன்றியது: அதை எடுத்தேனா?

ஊருக்குக் கிளம்பி பாதி வழியில் கேஸை மூடினோமா என்று தோன்றுமே, அந்த மாதிரி. எடுத்ததுபோலவும் இருந்தது, எடுக்காததுபோலவும் இருந்தது. பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஒரு கிளிப்தான் இருந்தது. மறுபடி தேடினேன். அந்தப் பையில் எத்தனை அறை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எல்லா ஜிப்பையும் மூன்று முறை திறந்தேன்.

மணி பத்து நாற்பது. பங்குனி வெயில் என்றால் எங்கள் பக்கத்தில் பதினோரு மணிக்கே தலை வெடிக்கும். மறைப்பில்லாத கூட்டில் அந்தச் சதைத் துணுக்குகள் எவ்வளவு நேரம் தாங்கும்? வெயில் போனால் போகிறது, அந்தப் பூங்காவில் காக்கை ஜாஸ்தி. காலையிலேயே குப்பைத்தொட்டிமேல் ஏழெட்டு இருந்தன.

உடனே கிளம்பினாலும் கடலூர் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அதிலும் பூங்காவை ஒன்பதரைக்குப் பூட்டினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். காவலாளியின் நம்பர் என்னிடம் இல்லை. கணவர் குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பூங்காவுக்குப் பின் தெருவில் குடியிருக்கிற, எனக்குத் தெரிந்த ஒரே ஆள், குழுவில் நான் திட்டிய அந்த மனிதர்தான். தேவனாம்பட்டினத்திலிருந்து அங்கே வாடகைக்கு வந்திருந்தார்.

போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். ஒருவேளை கிளை தானாகவே விடுபட்டிருக்கும். ஒருவேளை கீழே எங்காவது கிளிப்பைத் தவறவிட்டிருப்பேன். குழுவில் ஒருவர் வந்து என்ன ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்டார். வெயில் என்றேன். அவர் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே, அவரிடம் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லவில்லை. இப்படியே ஐம்பது நிமிடம் போனது. குஞ்சுகள் வெயிலில் கிடந்த ஐம்பது நிமிடம். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் எடுத்துக்கொண்ட நேரம் அது. இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

பதினொன்றரைக்குப் போன் செய்தேன். இரண்டு முறை அடித்து நின்றது. மூன்றாம் முறை எடுத்தார். நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்தவர். நான் யார் என்று சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். கிளையை மடக்கியது, கிளிப், கூடு, மூன்று குஞ்சு.

“எந்தச் செடி அக்கா?” என்று மட்டும் கேட்டார்.

இடத்தைச் சொன்னேன். “கேட்டு பூட்டியிருக்கும். சொவுரு ஏறித்தான் குதிக்கணும். பாக்குறேன்” என்று வைத்துவிட்டார்.

குழுவினரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கிளம்பவிருந்த பஸ் பழுதாகி, அடுத்ததற்கு ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தேன். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஒருவழியாகப் பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டும்போது அவருடைய போன் வந்தது. எடுத்த எடுப்பில், கிளிப்பைக் கழற்றி வெகுநேரமாகிவிட்டது, தாய் திரும்ப வருகிறதா என்று தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். காக்கை வந்ததா என்று கேட்டேன். “நான் போறப்ப மேலயே ஒண்ணு குந்திக்கினு இருந்துச்சி” என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எத்தனை குஞ்சு இருக்கிறது என்று கேட்காமலே போனை வைத்தேன். ஆலப்பாக்கம் வந்தது, குடிகாட்டுக் கம்பெனிகளின் நெடி வந்தது. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏற்றியது. கண்டக்டர்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது, அவர் என்ன பாவம் செய்தார்.

நான் பூங்கா வாசலுக்குப் போனபோது மணி மூன்று. மறுபடி சுவரேறி வெளியே வந்து, எதிர்ப்புறம் பூவரச மரத்தடியில் அவர் நின்றிருந்தார். தூங்காத கண். சுவரில் பதித்த கண்ணாடித் துண்டு கிழித்து முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது.

“ரெண்டு இருக்குதுக்கா” என்றார்.

மூன்று அல்லவா என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், இரண்டுதான் என்றார். நான் அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஐம்பது நிமிடத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். கொஞ்சம் தள்ளி, அவரும் உட்கார்ந்தார்.

நாலு மணிக்குக் காவலாளி வந்து கேட்டைத் திறந்தார். நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். மிச்சமிருக்கிற இரண்டையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

“நீங்க உள்ள போவாதீங்கக்கா. ரொம்ப நேரம் கழிச்சி, நான் வெளிய வர்றப்பதான் அது புழு எடுத்துக்கினு வந்துச்சி. ஆள் நின்னா மறுபடி வராது.”

கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அன்றைக்குக் குழுவில் நான் எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

“அதெல்லாம் கரெக்டாதான்கா எழுதுனீங்க” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.