ஓட்டுநர் பழகிக்கொள்ளவும்

அக்கா வேன் சாவியை மானேஜரின் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தது ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு. பன்னிரண்டு வருடம் ஓட்டிய வண்டியின் சாவி. அதை வைத்த சத்தம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அதற்கு முந்தைய வாரம்தான் நான் வீடு திரும்பியிருந்தேன். துணைக்கு வா என்று அவள் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். போனது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் உள்ளே நடந்ததை அவள் ஒரே வரியில் முடித்திருப்பாள்.

அவள் ஓட்டியது குன்றின் மேலிருக்கும் கல் அறுக்கும் ஆலையின் வேன். காலையில் பதினான்கு பேரை மேலே கொண்டுபோக வேண்டும், சாயங்காலம் கீழே கொண்டுவர வேண்டும். ஒன்பது வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை.

அந்த இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வர முடியாது. விடாமல் அழுத்தினால் சூடேறிக் கைவிட்டுவிடும். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்றி, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். இன்ஜின் வேகமும் சக்கர வேகமும் ஒத்துப்போனால்தான் கியர் விழும். வழக்கமாக அந்த வேலையை உள்ளே இருக்கும் ஒரு பித்தளை வளையம் பார்த்துக்கொள்ளும். அந்த வேனில் இரண்டாவது கியரின் வளையம் தேய்ந்து வருடக்கணக்காகிவிட்டது. போட்டால் கரகரவென்று பல்லைக் கடிக்கும், விழாது.

அக்கா புகார்ப் புத்தகத்தில் எழுதினாள். ஒரு தடவை அல்ல, பதினொரு தடவை. "கியர்பாக்ஸை இறக்கணும், மூணு நாள் வண்டி நிக்கும்" என்றார் மெக்கானிக். மானேஜருக்கு வண்டி மூன்று மணிநேரம் நிற்பதே ஆகாது. பதினொன்றாவது புகாருக்குக் கீழே சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்: "ஓட்டுநர் பழகிக்கொள்ளவும்."

அவள் பழகிக்கொண்டாள். கிளட்சை மிதித்துக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருவாள். கிளட்சை விடுவாள். ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு, இன்ஜின் ஒருமுறை உறுமும். மறுபடி கிளட்ச், இரண்டாவது கியர் சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் சேர்ந்து ஒன்றரை நொடி. பின்சீட்டில் தூங்குகிறவர் தலைகூட ஆடாது. ஒரு கியருக்கு இரண்டு மிதி என்பதால் ஆலையில் அவளுக்கு 'டபுள்' என்றே பெயர் விழுந்துவிட்டது. "டபுள் வந்தாச்சு, எல்லாரும் ரெண்டு தடவ ஏறுங்கப்பா" என்று கிண்டலடித்தவர்கள்தான், அவள் லீவு போட்ட ஒரு நாள் வேறு ஆள் ஓட்டுகிறார் என்றதும் நடந்தே கீழே இறங்கினார்கள்.

பிறகு எல்லா வேனிலும் ஒரு கறுப்புப் பெட்டி பொருத்தினார்கள். யார் எத்தனை தடவை பிரேக் போட்டார், எத்தனை தடவை கிளட்ச் மிதித்தார் என்று அது எண்ணும். மற்ற மூன்று வேன்களும் புதியவை. மாதக் கடைசியில் வந்த பட்டியலில் அக்கா பெயர் சிவப்பில், எல்லாருக்கும் மேலே நின்றது.

அந்தப் புதன்கிழமை மானேஜர் அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. மானேஜர் தாளைப் படித்தார்.

"ஒரு டிரிப்புக்கு மத்தவங்க நூத்தி அறுபது. நீங்க முன்னூத்தி பத்து. கிளட்ச் என்ன உங்க வீட்டுத் தையல் மெஷினா, மிதிச்சுக்கிட்டே இருக்க?"

"ரெண்டாவது கியர்ல வளையம் போயிடுச்சு சார். ரெண்டு தடவ மிதிச்சாத்தான் விழும். புத்தகத்துல எழுதியிருக்கேன். நீங்களும் எழுதியிருக்கீங்க."

"இந்த ரிப்போர்ட்ல வளையம்னு ஒண்ணுமே இல்லயேம்மா."

"ஒரு நாள் என்கூட வாங்க சார். இறக்கத்துல நீங்களே ஓட்டிப் பாருங்க."

"எனக்கு வேற வேலை இல்லயா?"

வாசலில் நின்ற அவர் காரை நான் வரும்போதே எட்டிப் பார்த்திருந்தேன். தானாகக் கியர் மாறும் கார். அதில் கிளட்ச் மிதியே கிடையாது. இந்த மனிதர்தான் கிளட்சை எப்படி மிதிக்க வேண்டும் என்று பன்னிரண்டு வருடம் ஓட்டியவளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது.

ஒரு தாளைப் படித்துக் காட்டி நீட்டினார். 'கிளட்சைத் தவறாகப் பயன்படுத்தினேன், இனி செய்யமாட்டேன்.' கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும்.

அக்கா நிதானமாகத்தான் கேட்டாள். "இனி செய்யமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு, நாளைக்குச் சாயங்காலம் ஏழாவது வளைவுல நான் என்ன சார் செய்யணும்?"

"அது டிரைவர் கவலை."

"அப்போ நான் டிரைவர் இல்ல சார்."

அதற்குப் பிறகுதான் அந்தச் சாவிச் சத்தம்.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கையெழுத்தைப் போட்டுட்டு, பழையபடி மிதிச்சிருக்க வேண்டியதுதானே? யாருடி உன் காலைப் பார்க்கப் போறா?"

"பெட்டி பார்க்கும்மா."

"நம்ம வீட்டுலயும் அப்படித்தான் அத்தை," என்றார் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர். "ஒரே சண்டையை ரெண்டு தடவ போடுவா." அக்கா சிரித்தாள். என்னால் முடியவில்லை. மாமாவை அன்று நான் என்னென்னவோ சொன்னேன், இன்னும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

வேலை போனதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. விடுவிப்புக் கடிதத்தில் காரணம் எழுதினார்கள்: 'வண்டியைத் தவறாகக் கையாண்டது.' ஐந்து கம்பெனி ஏறி இறங்கினாள். ஐந்திலும் ஒருவர் அந்த வரியில் விரலை வைத்து, பிறகு வந்து பார்க்கச் சொன்னார். ஒரு தடவைகூட அவள் வண்டி உரசியதில்லை; அதை எழுத எந்தக் கடிதத்திலும் இடமில்லை. பழகிக்கொள் என்றவர் நாற்காலியில் இருந்தார், பழகிக்கொண்டவள் வரிசையில் நின்றாள். கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவை வேன் கிடைத்தது. சமதரை, நாலு தெரு, அழுக்குத் துணி மூட்டை. அதிலும் இரண்டு தடவைதான் மிதிக்கிறாள். "தேவையே இல்லாத வண்டில எதுக்குக்கா?" என்றால், "கால் கேக்கமாட்டேங்குது" என்கிறாள்.

பதினான்கு மாதம் கழித்து அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. நானாக இருந்தால் பதில் போட்டிருக்கமாட்டேன், போட்டாலும் அச்சில் ஏற்ற முடியாததாக இருந்திருக்கும். அவள் உடனே செய்தி அனுப்பிய ஆளை வீடியோ காலில் கூப்பிட்டு, சாப்பாட்டுத் தட்டையும் ஒரு கரண்டியையும் கிளட்ச், கியர் என்று வைத்துக்கொண்டு முக்கால் மணிநேரம் சொல்லிக்கொடுத்தாள். பின்சீட்டில் பதினான்கு பேர் இருக்கிறார்கள், வேறென்ன செய்ய என்றாள். வந்த செய்தி இதுதான்:

"அக்கா வணக்கம். உங்க வேனை இப்போ நான்தான் ஓட்டுறேன். இறக்கத்துல ரெண்டாவது கியர் விழவே மாட்டேங்குது, நேத்து ஏழாவது வளைவுல உயிர் போயிட்டு வந்துச்சு. நீங்க எப்படிப் போடுவீங்கன்னு கொஞ்சம் சொல்ல முடியுமா? உங்க நம்பர் மானேஜர் சார்தான் குடுத்தார். அவர் குடுத்ததா உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னார்."