கூரையை முடி என்று சொன்னவள்

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். அதில் மூன்று பேர் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்ல முடியும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்பதால், நான் சொல்ல இளைய மகனின் மகள் எழுதுகிறாள். மன்னாரில் இருந்து வந்து, ஆம்பூருக்கு வெளியே இந்த அகதி முகாமில் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ஒரு பழக்கம் விடவில்லை. டிவியில் எந்த நாட்டுத் தலைவர் குரலை உயர்த்தினாலும், என் கை தானாகக் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பையை இழுத்துவிடும். மன்னார் நிலத்துப் பத்திரமான காணி உறுதியும் முகாம் அட்டையும் அதில்தான் இருக்கின்றன.

நேற்று மாலை செய்தியில் ஒரு தலைவர் கத்தியபோதும் இழுத்தேன். என் மருமகளோடு ஷூ கம்பெனிக்குப் போய்வரும் மாதனூர் சரோஜா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா ஆயா, அவன் எங்கியோ கத்துறான், நீ இன்னாத்துக்கு மூட்டை கட்டுற?"

"சமாதானம் பேசப் போகினம் எண்டு காலமை சொன்னவை. இப்ப இப்பிடிக் கதைக்கினம், பிள்ளை."

"அட, சும்மா பேசுறது ஆயா. மேடையில திட்டிக்குவாங்க, நாளைக்கு ஒண்ணா பிரியாணி துன்னுவாங்க."

அவள் சொல்வது இந்த ஊருக்குச் சரி. தேர்தல் நேரத்தில் மைக்கில் ஒருவரையொருவர் கிழித்தவர்கள், மறுநாள் கல்யாண மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துப் பழகித்தான் கெட்டேன்.

இலங்கையில் சண்டை நின்றிருந்த காலம். அரசும் இயக்கமும் வெளிநாட்டில் மேசை போட்டுப் பேசின. இனி எல்லாரும் வீடு திரும்பலாம் என்று நாட்டுத் தலைவர் சொன்னது றேடியோவில் வந்தது. இங்கே தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்த மூத்தவனை நான்தான் அனுப்பினேன், நீ போய் எங்கள் வீட்டுக்குக் கூரையைப் போடு, பின்னால் வருகிறோம் என்று. கூரை பாதி ஏறியபோது அங்கே தேர்தல் வந்தது. ஒரு பிடி மண்ணும் தரமாட்டோம் என்று ஒரு மேடை சொன்னது. மற்றப் பக்கம் அதைவிடப் பெரிதாகப் பதில் சொன்னது. சனம் கை தட்டத் தட்ட, விட்டுக்கொடுக்க எவருக்கும் வாய் வரவில்லை. மேடையில் சொன்னதை மேசையில் எப்படி விழுங்குவது? மகன் போனில் கேட்டான்.

"அம்மா, கதை ஒரு மாதிரிப் போகுது. திரும்பி வரட்டோ?"

"அது வோட்டுக்குக் கதைக்கிறது, ராசா. இஞ்சயும் அப்பிடித்தான். நீ கூரையை முடி."

அடுத்த மாதம் சண்டை மறுபடி மூண்டு, பாதையை மூடினார்கள். அதன்பிறகு அவன் குரலை நான் கேட்கவில்லை. கூரை முடிந்ததா என்றும் தெரியாது.

இப்போது அங்கே மறுபடியும் எல்லாரையும் வரச்சொல்லிப் பேசுகிறார்களாம். போன வாரம் இளையவன், "போகட்டோ அம்மா?" என்று கேட்டான். இன்னும் பதில் சொல்லவில்லை. தலைவர்களை ஏசிவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. அன்றைக்கு என் வாயும் தூரத்தில் இருந்துகொண்டு உறுதி சொன்ன வாய்தான். இந்த முறை போ என்றும் சொல்லமாட்டேன், இரு என்றும் சொல்லமாட்டேன். நடந்ததைச் சொல்லிவிட்டேன். பையை இன்னும் உள்ளே தள்ளவில்லை. உறுதியில் ஒரு ஊர், அட்டையில் ஒரு ஊர், இரண்டும் ஒரே உறைக்குள் ஒட்டிக்கிடக்கின்றன.

வாசலில் இளையவன் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. பிள்ளை, எழுதினதை முதலில் இருந்து வாசி, உன் அப்பாவும் கேட்கட்டும். மேடையில் பேசுகிற மாதிரி வேண்டாம். மெதுவாக வாசி.