ஒற்றைக்குழல் ஜிபார்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜிபார் அக்காவின் துப்பாக்கி வேட்டை அதிகாரியின் ஜீப்பில் ஏறிப் போனது. அப்போதும் அவர் வாசலில் உட்கார்ந்து, கிழிந்த கம்பளிப் பூட்சிலிருந்து சட்டைப் பொத்தான் அளவு வட்டங்களை வெட்டிக்கொண்டிருந்தார். பித்தளைத் தோட்டாவுக்குள் மருந்துக்கும் ஈயக் குண்டுகளுக்கும் நடுவே வைக்கிற அடைப்புகள் அவை.

பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவது அவர் வேலை. ஞாயிறானால் மலை. சுண்டுவிரல் மட்டுமே நுழையும் குழல், ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. அடுத்த தோட்டாவைப் பல்லில் கடித்துக்கொள்வார். அதனால் மலையில் அவர் என்ன பேசினாலும் திட்டுவது போலிருக்கும். பெரும்பாலும் திட்டுத்தான். தானியங்கித் துப்பாக்கியோடு யாராவது வந்தால், "அஞ்சு தோட்டாக்காரர் வந்துட்டாரு, இனி கல்லுக்குத்தான் காயம்" என்பார்.

முந்தைய ஞாயிறு அவர் ஒரு முயலோடு இறங்கி வந்தார். பாலத்தருகே மாவட்ட வேட்டை அதிகாரி எர்கின் ஜீப்பை நிறுத்தி, "ஷிரால்கா, அக்கா" என்றான். வேட்டை முடிந்து வருகிறவரிடம் எதிரில் வருபவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் பங்கு கொடுத்தே ஆக வேண்டும். இருந்தது ஒரே முயல். "எடுத்துக்கோ தம்பி. வெங்காயம் நிறையப் போடச் சொல்லு உன் பொண்டாட்டிய" என்று முழுசாகக் கொடுத்தார்.

செவ்வாயன்று அவன் வாசித்த அறிக்கையில் அந்த முயல் லஞ்சமாகியிருந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் அந்த வருடம் முயல் வேட்டைக்குத் தடையாம்; அதைக் கண்டுகொள்ளாமல் விடத்தான் முயலைக் கொடுத்தாராம். அந்த அறிவிப்பு ஊருக்கு வரவே இல்லை. அவனுக்குத் தெரியும். தெரிந்தே கேட்டான், தின்றான், வாயைத் துடைத்துக்கொண்டு எழுதினான். வெளியூர்க்காரன் என்றாலாவது பரவாயில்லை; ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்தவன்.

"லஞ்சம்னு ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா. சின்ன அபராதம், துப்பாக்கி திரும்ப வந்துடும்."

"நீ கேட்ட, நான் குடுத்தேன். அத எழுது, போடறேன்."

"அப்படி எழுதினா என் வேலை போயிடும்."

"உன் இஷ்டத்துக்கு எழுதினா என் பேரு போயிடும். முயல் செரிச்சுதா?"

இரண்டு குளிர்காலம் அவர் மலைக்குப் போகவில்லை. பேருந்து பிடித்து மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். ஒவ்வொரு முறையும் அதே தாளை நீட்டினார்கள். "ஒரு கிறுக்கல்தானே, போட்டுத் தொலையேன்" என்று ஊரிலேயே சிலர் சொன்னார்கள். பல வருடம் வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இதைக் கேட்கவா திரும்பி வந்தேன் என்றிருந்தது எனக்கு. இப்போதெல்லாம் ஷிரால்கா என்று யாராவது கேட்டால் வேட்டைக்காரர்கள் முதலில் கேட்டவன் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்த ஒரு முயலுக்கு நாங்கள் கொடுத்த விலை அது.

இந்த மார்ச்சில் என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அக்காவிடம் கைபேசி கிடையாது. மனுக்களில் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். லஞ்சக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது, துப்பாக்கியை நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். கொதிகலன் அறைக்கு ஓடினேன். அக்கா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

"மன்னிப்புன்னு எங்கயாவது இருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப எழுது. எடுத்துட்டுப் போனவனே கொண்டாந்து குடுக்கட்டும். பகல்ல. ஊரு பாக்க."

"அக்கா, இன்னும் ரெண்டு வருஷம் இழுத்தடிப்பாங்க."

"எழுதுடி."

எழுதினேன். அனுப்பத் தயங்கினேன். அக்கா கரி படிந்த கட்டைவிரலை நீட்டித் தானே அழுத்தினார்.