இருபத்தெட்டாம் எண் கால்சட்டை

ஞாயிறு காலை. வெள்ளைக் கால்சட்டைகள் குவியலாகக் கிடக்க, வெர்டெல் பிக்ஸ் இருபத்தெட்டாம் எண்ணை மட்டும் உருவி மேசையில் விரிக்கிறார். முழங்கால் மெத்தைகளைப் பிடுங்கி ஓரமாக வைக்கிறார். இரண்டு உள்ளங்கைகளாலும் துணியை நீவிவிடுகிறார். பிறகு, வேகவைத்த நிலக்கடலையை உரித்து வாயில் போட்டபடி, செய்தித்தாள் படிப்பதுபோல அந்த அழுக்கைப் படிக்கிறார்.

மிசிசிப்பியில் எங்கள் சின்னக் கல்லூரியின் கால்பந்து அணிக்குப் பத்தொன்பது வருடமாகத் துவைக்கிற அம்மாள் அவர். எங்கள் ஊரில் கால்பந்து என்றால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரே மதில்போல நிற்பவர்களை முட்டிக்கொண்டு ஓடுவது. பெயரை எவன் வைத்தானோ, காலால் உதைப்பது அபூர்வம். இருபத்தெட்டாம் எண் அப்படி ஓடுகிறவனுடையது.

இத்தனை வருடத்தில் வெர்டெல் ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. சனிக்கிழமை ஊரே அரங்கத்தில் தொண்டை கிழியக் கத்தும்போது அவர் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். கேட்டால், "ஆட்டத்தப் பாத்தா கூச்சல்தான் காதுல விழும். அழுக்கு கத்தாது" என்பார்.

நான் கோபுரத்தின்மேல் நின்று ஆட்டங்களைப் படம் பிடிக்கிறவன். மேலே இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கிருந்தது. அதை இறக்கியவர் இவர்தான். "முன்னால விழுறவனுக்கு முட்டியிலயும் நெஞ்சுலயும் மண்ணு. தள்ளுப்பட்டு மல்லாந்தவனுக்குப் பின்பக்கம் மண்ணு. தோள்ல எதிராளி ஹெல்மெட் சாயம் ஒட்டியிருந்தா, பந்து கையில இல்லாதப்பவும் கூட்டாளிக்காக முட்டியிருக்கான்." அவ்வளவுதான் அவருடைய சாத்திரம். நான் ஒருமுறை அவர் சொன்னதையெல்லாம் எழுதிவைத்துக்கொண்டு படத்தை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அன்றைக்கு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, சொல்வதற்கென்ன.

ஏப்ரலில் தொழில்முறை அணிகள் கல்லூரிப் பையன்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். அதற்கு ஆள் பார்க்க வருகிறவர்கள் என் அறையில் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள், ஓட்டத்துக்கு நேரம் குறிப்பார்கள், போய்விடுவார்கள். ஷெல்பி நாக்ஸ் மட்டும் பிறகு சலவை அறைக்கும் போவார். சில வருடங்களுக்கு முன், ஊரே மின்னல் என்று கொண்டாடிய ஒருவனை வெர்டெல், "வேகமெல்லாம் சரி தம்பி, வாராவாரம் பின்பக்கம் செம்மண்ணு" என்று ஒரே வரியில் முடித்தார். நாக்ஸ் அவனை விட்டார், வேறோர் அணி எடுத்தது. அவன் இரண்டாம் வருடமே வீட்டுக்கு வந்துவிட்டான். அதிலிருந்து நாக்ஸுக்கு இந்த மேசை கோயில் மாதிரி.

இந்த வருடத்து இருபத்தெட்டு, கெண்ட்ரல். வெர்டெலுடைய செத்துப்போன தங்கையின் மகன். நவம்பரில் ஒரு ஞாயிறு அவனைச் சலவை அறைக்குக் கூப்பிட்டார். நான் கடலைக்காக அங்கே இருந்தேன். அவன் கால்சட்டையின் வலது முழங்கால் செம்மண் குழம்பு. இடது முழங்கால் வெளுத்தது வெளுத்தபடி. மூன்று வாரமாக இப்படித்தான் என்றார். இடது மெத்தைக்குள் அவனே கூடுதலாக ஒரு துண்டுப் பஞ்சை ஒட்டி வைத்திருந்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வயது அது. முதலில் மழுப்பினான். பிறகு, கால் மடங்கும்போது உள்ளே ஏதோ பிடிக்கிறது என்று ஒப்புக்கொண்டான். நாக்ஸ் செவ்வாய்க்கிழமை வருகிறார், இப்போது தெரிந்தால் பெயரையே அடித்துவிடுவார் என்றான். "இன்னும் ரெண்டே ஆட்டம், பெரியம்மா. நீங்க எப்பவும்போல துவைச்சுப் போட்டுருங்க. அது போதும்."

வெர்டெல் கடலைத் தோலைக் கூட்டி அள்ளினார். அந்த ரெண்டு ஆட்டத்தில் முழங்கால் முறிந்தால் ஏப்ரலும் இல்லை, அதற்குப் பிறகும் ஒன்றுமில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அவன் போனதும் நான் என் அறைக்குப் போய்ப் படத்தை மெதுவாக ஓட்டினேன். பதினோரு தடவை பார்த்த ஓட்டங்கள்தான். ஒவ்வொரு முறையும் கீழே சாயும்போது பையன் வலப்பக்கமாகப் புரண்டு விழுகிறான். கண் இருந்தும் குருடன் என்பது என்னைத்தான்.

திங்கள் முழுக்க இயந்திரம் ஓடியது. ஒரே ஒரு கால்சட்டை உள்ளே போகவில்லை. பத்தொன்பது வருடத்தில் அவர் துவைக்காமல் வைத்த முதல் துணி அது.

செவ்வாய் நாக்ஸ் வந்தபோது கெண்ட்ரலும் அங்கே நின்றான். வரச் சொன்னவர் வெர்டெல்தான். முதுகுக்குப் பின்னால் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை. நாக்ஸ் நலம் விசாரித்துவிட்டு, தயங்கி, சொந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்பது சங்கடம்தான் என்றார்.

வெர்டெல் காய்ந்துபோன கால்சட்டையை மேசையில் விரித்தார். நாக்ஸ் வலது முழங்காலைப் பார்த்தார். இடதைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவரும் கொஞ்சம் படிக்கக் கற்றிருந்தார்.

"எத்தன வாரமா?"

"மூணு. இன்னிக்கே டாக்டர் பாக்கணும். சனிக்கிழம இவன் எறங்கக் கூடாது."

கெண்ட்ரல் தரையைப் பார்த்தபடி நின்றான். நாக்ஸ் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஏட்டை மூடப் போனார்.

"பாதிதான் படிச்சிருக்கீங்க, தம்பி" என்றார் வெர்டெல்.

ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, கால்சட்டையைத் திருப்பிப் போட்டார். மூன்று மணி நேரம் ஒற்றைக் காலோடு முட்டி மோதியவனுடைய பின்பக்கத்தில் ஒரு பொட்டு மண் இல்லை. அந்த வெள்ளையை அவர் இரண்டு உள்ளங்கைகளாலும் மெதுவாக நீவிவிட்டு, நாக்ஸ் பக்கமாக நகர்த்தி வைத்தார்.